முன்னது எது, பின்னது எது?



மாலையில் பள்ளி விட்டதும், இராயப்பேட்டைத் தெருக்களில் நாள்தோறும் ஓர் உரையாடலைக் கேட்கிறோம். புத்தகப் பையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஐந்து வயதுச் சிறுவன் பேசத் தொடங்குகிறான்: "அம்மா, மிஸ் என்னைத் திட்டினாங்க. தண்ணி கொட்டிடுச்சு. பக்கத்துல இருக்கிறவன் அழுதான். அப்புறம் மணி அடிச்சுட்டாங்க. நான் சும்மா இழுத்தேன். அவன்தான் என் பென்சிலை எடுத்தான்." தாய்க்கு ஒன்றும் விளங்குவதில்லை. மறுபடியும் கேட்கிறாள். இம்முறை அவன் மணி அடித்ததில் தொடங்குகிறான். "முதல்ல ஒண்ணு சொன்னே, இப்ப ஒண்ணு சொல்றே. பொய் சொல்றியாடா?" என்று அதட்டுகிறாள் தாய். சிறுவன் வாயை மூடிக்கொள்கிறான். மறுநாள் அவன் பள்ளிச் செய்தி எதையும் வீட்டில் சொல்வதில்லை.

அச்சிறுவன் கூறிய ஆறு வாக்கியங்களையும் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அடுத்திருந்தவன் பென்சிலை எடுத்தான். இவன் அதைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் கொட்டியது. அவன் அழுதான். ஆசிரியை கண்டித்தார். மணி அடித்தது. இதில் ஒரு சொல்லும் பொய் அன்று. நடந்தவை யாவும் அவன் உள்ளத்தில் இருக்கின்றன. அவற்றைக் கோத்துத் தரும் நூல் மட்டும் இன்னும் அவன் கைக்கு வரவில்லை. அந்த நூலைத் தருவது எப்படி என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க விழைவது.

நிகழ்ச்சிகளை வரிசையாகக் கூறுவது நினைவாற்றலின் வேலை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். எனவே குழந்தை தடுமாறும்போது, "நன்றாக ஞாபகப்படுத்திச் சொல்" என்று வற்புறுத்துகிறோம். ஆனால் இது பெரும்பாலும் காரணம் காணும் வேலை. நாம் யாவரும் அறிந்த வடை சுட்ட பாட்டியின் கதையையே எடுத்துக்கொள்வோம். பாட்டி வடை சுட்டாள். காகம் ஒன்றைக் கவர்ந்து சென்று மரத்தில் அமர்ந்தது. நரி வந்து அதன் குரலைப் புகழ்ந்து பாடச் சொன்னது. காகம் வாயைத் திறந்தது. வடை விழுந்தது. இந்த வரிசையில் நரியின் புகழ்ச்சியைக் காகம் வடையை எடுப்பதற்கு முன்னால் வைத்துப் பாருங்கள். காகம் பாடும்; ஆனால் விழுவதற்கு வடை இராது. கதையே நடவாது! எனவே, "வடையை எடுத்தது முதலிலா, நரி வந்தது முதலிலா?" என்று கேட்பதைவிட, "காகத்தின் வாயில் வடை இல்லாவிட்டால் நரி ஏன் அதைப் பாடச் சொல்லப் போகிறது?" என்று கேட்பதே பயன் தரும். காரணம் விளங்கியதும் வரிசை தானே வந்து அமர்கிறது.

அதே கதையில் இடம் மாறினாலும் கெடாதவையும் உண்டு. பாட்டி மாவு அரைத்தது முதலிலா, காகம் மரத்தில் வந்து அமர்ந்தது முதலிலா? எப்படி வைத்தாலும் கதைக்குப் பழுதில்லை. இவ்வேறுபாட்டைக் குழந்தையே கண்டு சொல்லுமாயின், அது வரிசையின் உட்பொருளைப் புரிந்துகொண்டது என்று நாம் மகிழலாம்.

மேலை நாட்டு ஆய்வுகளும் இதனை உறுதி செய்கின்றன. ஜெனீவாவில் பணிபுரிந்த உளவியல் அறிஞர் ழான் பியாஜே, 1923இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு சோதனையை விளக்குகிறார். ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள ஒரு குழந்தைக்குக் கதை ஒன்றைச் சொல்லி, அதனை அதே வயதுடைய மற்றொரு குழந்தைக்குச் சொல்லுமாறு அவர் பணித்தார். சொன்ன குழந்தைகள் பலர் முன்பின்னாக மாற்றினர். காரணத்தையும் விளைவையும் இணைக்காமல் அருகருகே அடுக்கிச் சென்றனர். தமக்குத் தெரிந்தது கேட்பவருக்கும் தெரியும் என்ற எண்ணத்துடனேயே அவர்கள் பேசினர். மாலையில் நாம் கேட்கும் பள்ளிக் கதைகளும் இத்தகையவை அன்றோ?

அதனால், சிறு குழந்தைக்கு வரிசை உணர்வே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. அமெரிக்க ஆய்வாளர்களான பட்ரீசியா பாவர், ஜீன் மாண்ட்லர் ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பேச்சே முழுமையாக வராத குழந்தைகளைப் பற்றியது. ஒன்றரை வயதை ஒட்டிய அக்குழந்தைகள் முன்னிலையில் சில சிறு செயல்களை அவர்கள் செய்து காட்டினர். ஒரு கிண்ணத்தில் பந்தை இட்டு, மற்றொரு கிண்ணத்தால் மூடி, பிறகு ஆட்டினால் கிலுகிலுப்பை போல ஒலி எழும். ஒன்று நடந்தால்தான் அடுத்தது நடக்கும் என்ற இத்தகைய செயல்களைக் குழந்தைகள் வரிசை பிசகாமல் செய்து காட்டின. தொடர்பின்றி அடுக்கப்பட்ட செயல்களிலோ வரிசை தவறியது. பேசத் தெரியாத மழலையின் கையே காரணத்தைப் பற்றிக்கொண்டு நடக்கிறது என்பது எத்துணை வியப்பு!

நம் சென்னை மாநகரும் இத்துறையில் வெறும் கையுடன் நிற்கவில்லை. இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில், தம் 69ஆம் வயதில், நமக்கு அண்மையிலுள்ள அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த சுமார் 300 பேருக்கு அங்கே பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாக அவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் வகுத்த கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றில் பொருந்தும் பத்து உருளைகளும் கொண்ட ஒரு மரக்கட்டை. குழந்தை ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டுவிட்டால், இறுதியில் ஒரு குழிக்குப் பொருந்தாத உருளை கையில் எஞ்சி நிற்கும். "தவறு" என்று ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. பொருளே தவறைக் காட்டிவிடும். குழந்தை தானே கலைத்துத் தானே திருத்தும். கதைப் படங்களுக்கும் இவ்விதி பொருந்தும். தவறாக அடுக்கிய படங்களைப் பார்த்துக் குழந்தை கதை சொல்லும்போது, ஏதோ ஓரிடத்தில் கதை முட்டி நின்றுவிடும். அந்த இடம் வரும்வரை நாம் பொறுத்திருப்பதுதான் கடினம்!

அதன்பின் அறுபது ஆண்டுகள் கழித்து நம் மாநகராட்சிப் பள்ளிகளிலேயே மற்றொரு முயற்சி நடந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கல்வி நிலையம் கிராமப் பள்ளிகளுக்கென உருவாக்கிய முறையைத் தழுவி, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007இல் அது தமிழகம் முழுவதற்கும் விரிந்தது. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப் படிகளைப் போல வரிசைப்படுத்தப்பட்டன. குழந்தை தான் நிற்கும் படியைச் சுவரிலுள்ள ஏணியில் தானே கண்டு, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்து வந்து, முடித்தபின் அடுத்த படிக்குச் செல்லும். எது முடிந்தது, எது நடக்கிறது, எது வரவிருக்கிறது என்பதை ஆறு வயதுக் குழந்தை தன் விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாக அந்த ஏணி அமைந்திருந்தது. 2022இல் தமிழக அரசு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கென எண்ணும் எழுத்தும் இயக்கத்தைத் தொடங்கியபோது, அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்து, பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றின் துணையோடு கற்பிக்கும் முறை வந்தது. பள்ளிகள் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ஆனால் நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒரு குழந்தையின் கதையை முழுவதும் கேட்க ஆசிரியைக்கு நேரம் ஏது? அந்தக் கடமை வீட்டிற்கே உரியது.

வீட்டில் நமக்குக் கிடைத்துள்ள முதற் கருவி நம் தாய்மொழி. "எழுந்து, பல் துலக்கி, குளித்து, உடுத்தி, உண்டு, பள்ளிக்குச் சென்றான்" என்று ஒரே மூச்சில் தமிழில் சொல்லிவிடுகிறோம். இலக்கண நூலார் இவற்றை வினையெச்சம் என்பர். ஒவ்வொரு செயலும் முடிந்து அடுத்ததற்கு வழிவிடுகிறது. வாக்கியத்தின் இறுதியில் ஒரே ஒரு வினைமுற்று. நடந்த வரிசையும் சொல்லும் வரிசையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இதற்கு மாறாக, "சாப்பிடுவதற்கு முன்னால் கையைக் கழுவு" என்னும்போது, பின்னால் நடக்க வேண்டிய செயல் முன்னால் காதில் விழுகிறது. ஈவ் கிளார்க் என்னும் ஆய்வாளர் 1971இல் ஆங்கிலம் பேசும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதனை ஆராய்ந்தார். முன், பின் என்னும் பொருள் தரும் சொற்களை முற்றிலும் அறியாத குழந்தைகள், காதில் எது முதலில் விழுந்ததோ அதுவே முதலில் நடந்தது என்று கொள்வதை அவர் கண்டார். ஆகவே மூன்று வயதுக் குழந்தையிடம், "கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு கண்ணு" என்று சொல்வதே நன்று. அதனினும் கடினமானது, "கை கழுவுறதுக்கு முன்னாடி சாப்பிடாதே" என்னும் கட்டளை. வரிசையும் தலைகீழ், அதன் மேல் ஒரு மறுப்பும் வேறு! குழந்தை கீழ்ப்படியவில்லை என்று நாம் வருந்தும் சில வேளைகளில், நம் வாக்கியமே அதற்கு எட்டாதிருக்கலாம். ஐந்து வயதிற்குப் பின் "முன்னால்", "பின்னால்", "அதற்குள்", "இதற்கிடையில்" ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகப் பழக்கலாம்.

இனி, வீட்டில் செய்யத்தக்க சில பயிற்சிகளைக் கூறுவோம். இவற்றிற்குப் பணச் செலவு இல்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலாவது, கையால் செய்யும் வேலையில் தொடங்குங்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு வாழ்வே கதை. இட்லி மாவைப் போல நல்ல பாடநூல் வேறில்லை. அரிசியையும் உளுந்தையும் ஊறவைக்கிறோம், அரைக்கிறோம், உப்பிட்டுக் கரைத்து வைக்கிறோம், இரவில் அது பொங்குகிறது, காலையில் அவிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையை அருகில் அழைத்துக் காட்டி, "இனி என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "ஊற வைக்காமலே அரைச்சா என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள். ஒரு பிடி அரிசியை ஊறவைக்காமல் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னால், விடையை அதுவே சொல்லிவிடும்.

இரண்டாவது, நடந்த வழியைச் சொல்லச் செய்யுங்கள். ஜாம்பஜாருக்குக் காய்கறி வாங்கச் சென்று திரும்பியதும், "வீட்டிலிருந்து கிளம்பினோமே, முதலில் எதைப் பார்த்தோம்?" என்று கேட்கலாம். தெருமுனைக் கடை, பேருந்து நிறுத்தம், மணிக்கூண்டு என்று கடந்து சென்றவற்றைக் குழந்தை சொல்லட்டும். கால் நடந்த வரிசையை நாக்கும் நடந்து பார்ப்பது நல்ல பயிற்சி.

மூன்றாவது, நான்கு வயதளவில் படங்களுக்கு வாருங்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கங்கள் இதற்கு ஏற்றவை. ஓவியம் தெரிய வேண்டியதில்லை. கோட்டு உருவங்களே போதும். விதை, முளை, செடி என மூன்று அட்டைகளில் தொடங்குங்கள். பின்பு வடை சுட்ட பாட்டி கதையை ஐந்து அட்டைகளாக்குங்கள். கலைத்துக் கொடுத்து, அடுக்கச் செய்து, அடுக்கியபடியே கதை சொல்லச் சொல்லுங்கள். குழந்தை தவறாக அடுக்கினால் உங்கள் கை அட்டையின் பக்கம் போகவே கூடாது. "சரி, சொல்லு, கேட்போம்" என்று காத்திருங்கள்.

நான்காவது, அடுக்குவது எளிதானபின் நடுவிலிருந்து ஓர் அட்டையை மறைத்துவிடுங்கள். காகம் வாயில் வடையுடன் இருக்கிறது. அடுத்த படத்தில் வடை நரியிடம் இருக்கிறது. இடையில் என்ன நடந்திருக்கும்? விடுபட்டதை ஊகித்துச் சொல்லும் குழந்தை, கதையைத் தானே கட்டக் கற்றுக்கொள்கிறது. சில வேளைகளில் நாம் அறியாத புதிய விடை ஒன்றும் வரும். காரணம் பொருந்தினால் அதனையும் ஏற்றுப் பாராட்டுங்கள்.

ஐந்தாவது, இரவில் உறங்கும் முன் அன்றைய நாளை மூன்றே வாக்கியங்களில் குழந்தை சொல்லட்டும். தாத்தாவும் பாட்டியும் வீட்டில் இருப்பின் இப்பணி அவர்களுக்கே உரியது. அவர்களிடம் அவசரம் இல்லை. கைப்பேசித் திரையில் ஓடும் படக்கதையில் நிகழ்ச்சிகள் விரைந்து கடந்துவிடுகின்றன. குழந்தை நிறுத்திக் கேட்பதில்லை, திரையும் அதனைக் கேட்பதில்லை. பாட்டியோ, "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு பார்ப்போம்" என்று நடுவில் நிறுத்துகிறாள். அந்த நிறுத்தத்தில்தான் குழந்தையின் சிந்தனை வேலை செய்கிறது.

நம் ஆலயங்களிலும் இதற்கு ஓர் அரிய துணை உண்டு. சிலுவைப்பாதையின் நிலைகள் பதினான்கு என்று 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் வரையறுத்தார். எழுத்தறியாதவரும் பின்பற்றிச் செல்லக்கூடிய படக்கதையாக அவை நம் ஆலயச் சுவர்களில் நிற்கின்றன. பரங்கிமலையில் படியேறும் வழியிலேயே அந்நிலைகளைக் காண்கிறோம். அடுத்த முறை குழந்தைகளுடன் அங்கே செல்லும்போது, வேண்டுதல் முடிந்தபின் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டவர் விழும் காட்சி மூன்று முறை வருகிறது. படங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். "சிரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்க வந்தது முதல் முறை விழுந்ததற்கு முன்னா, பின்னா? ஏன்?" உடல் தளர்ந்து விழுந்தபின் அல்லவோ உதவிக்கு ஒருவர் தேவைப்பட்டார் என்று குழந்தை கண்டுகொள்ளும்போது, பதினான்கு எண்களை மனப்பாடம் செய்வதனினும் ஆழமான ஒன்றை அது பெற்றுவிடுகிறது. அதுபோலவே, கிறிஸ்து பிறப்புக் குடிலில் எல்லா உருவங்களையும் ஒரே நாளில் வைத்துவிடாமல், இடையரைப் பிறப்பின் இரவிலும், ஞானியரைத் திருக்காட்சிப் பெருவிழாவிலும் குழந்தையின் கையாலேயே வைக்கச் செய்யலாம்.

இப்பயிற்சிகளின் நோக்கம் தேர்வு மதிப்பெண் அன்று. உடல்நலம் குன்றிய குழந்தையை இராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம் எனக் கொள்வோம். வயிற்று வலி முதலில் வந்ததா, வாந்தி முதலில் வந்ததா என்பது மருத்துவர்க்கு மிகவும் தேவையான செய்தி. அதனைக் குழந்தை தன் வாயாலேயே சொல்லக்கூடுமாயின் எத்துணை நன்மை!

இதனினும் பாரமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அஞ்சிய உள்ளம் வரிசையாகப் பேசாது. விபத்தைக் கண்ட பெரியவர்களே முன்பின்னாகப் பேசுகிறோம். யாரேனும் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைக் குழந்தை சொல்ல முயலும்போது, அது நடுவிலிருந்து தொடங்கலாம், பாதியில் நிற்கலாம், நேற்று சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் வரிசை மாறலாம். அதைக் கொண்டு குழந்தையைப் பொய்யன் என்று தள்ளிவிடுவோமாயின் பெருங்கேடு விளையும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே இதனை உணர்ந்து, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, பெற்றோரோ அது நம்பும் ஒருவரோ உடனிருக்கப் பதிவு செய்ய வழிவகுத்துள்ளது. சாட்சி சொல்ல மீண்டும் மீண்டும் நீதிமன்றத்திற்கு அழைக்கலாகாது என்றும் கூறுகிறது. இத்தகைய வேளையில் பயிற்சி வேண்டாம், குறுக்குக் கேள்வி வேண்டாம். முதலில் நம்புங்கள், வரிசை பிறகு வரும். உதவி தேவையெனின் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் உள்ளது.

எல்லாக் குழந்தைகளும் ஒரே வயதில் இத்திறனை அடைவதில்லை. அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு மனம் நோகச் செய்யாதீர்கள். பள்ளியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியும், அன்றாடம் செய்யும் எளிய வேலைகளின் வரிசையையே குழந்தை பின்பற்ற இயலாமல் தவிக்குமாயின், குழந்தை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனையும் பேச்சையும் ஆராய்ந்து பார்ப்பது அறிவுடைமை.

பெற்றோரே, குழந்தை தன் கதையைத் தொடங்கும்போது அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு, அதன் முகத்தைப் பாருங்கள். "முதல்ல என்ன நடந்துச்சு?" என்று ஒரு முறை கேளுங்கள். "அதனால என்ன ஆச்சு?" என்று மறுமுறை கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கு இடையில் மௌனமாகக் காத்திருங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று அறிந்த குழந்தை எதனையும் மறைக்காது. பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் நம்மிடம் அது மனம் திறந்து பேச வேண்டுமெனின், ஐந்து வயதில் அதன் குழறலை நாம் பொறுமையோடு கேட்டிருக்க வேண்டும்.